த. ஜெயசுபா என்று பேர் வெட்டிய குண்டான்

விருதுநகரில், கடலை எண்ணெய்த் தரகு பார்த்த ஆண்களெல்லாம் எண்ணெயைக் கைகழுவிவிட்டு, அமெரிக்க எரிவாயுவான கேஸை ஆன்லைன் சந்தையில் வாங்கி விற்க இறங்கியிருந்த ஒரு தெருவில், கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் காலை, பாக்கியத்தின் மாவுக் கடையில் இருந்த எட்டுக் குண்டான்களில் ஒன்றில் மட்டும் மாவு உறைந்து கிடந்தது. மற்ற ஏழிலும் அது வழக்கம்போலப் புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, விளிம்பு வழியாக இறங்கித் தரையில் வழிந்திருந்தது. எட்டாவதில் முந்தின நாள் சாயங்காலம் அரைத்து ஊற்றிய மட்டத்திலேயே, மேலே உப்புத் தூவினாற்போல ஒரு வெள்ளைப் பொருக்குக் கட்டிக்கொண்டு, அசையாமல் இருந்தது. பாக்கியம் விரலை வைத்தாள், விரல் மரத்தது. ஒரு குண்டான் உளுந்து வீணாய்ப் போச்சே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, ஏனென்றால் உளுந்து அப்போது விற்ற விலை அப்படி.

அவள் புருஷன் தனுஷ்கோடி வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு உளுந்து ஞாபகம் வரவில்லை. "பாக்கியம், இது குளிருல்ல?" என்று கேட்டுவிட்டு, சட்டைகூடப் போடாமல் எதிர்வீட்டு வெள்ளைச்சாமி அண்ணாச்சியைக் கூப்பிடப் போனார்.

அந்தத் தெருவுக்கும் அமெரிக்கக் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்லி, கேட்டவரை இன்னும் குழப்பி அனுப்பும். விஷயம் இவ்வளவுதான். ஐப்பசி முடிந்தால் அமெரிக்காவில் குளிர் பிடிக்கும், குளிர் பிடித்தால் அங்கே வீட்டுக்கு வீடு கேஸை எரித்துச் சூடு போடுவார்கள், கேஸ் செலவானால் விலை ஏறும், ஏறுவதற்கு முன்னால் வாங்கிப் போட்டவன் பிழைத்தான். ஆனால் குளிர் வந்த பிறகு வாங்கினால் ஒரு பிரயோசனமும் இல்லை, குளிர் வரப்போகிறது என்கிற சேதிக்கே விலை ஏறிவிடும், அந்தச் சேதி மாறினால் குளிர் வருவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஆகவே, நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் பிறந்து வளர்ந்து, ஜன்மத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கியிராத அந்த ஆட்கள், கண்ணால் பார்த்திராத கேஸைக்கூட வாங்கி விற்கவில்லை, இன்னும் வந்திராத குளிரைப் பற்றிய வதந்தியைத்தான் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். சமையலறைச் சிலிண்டரில் வருவது வேறு கேஸ் என்று வெள்ளைச்சாமி எத்தனை தடவை சொல்லியும், தெருப் பெண்கள் கேஸ் விலை ஏறிய நாட்களில் அடுப்பைச் சின்னதாக்கியே வைத்தார்கள்.

வதந்திதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. வானிலை கணிக்கும் அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஒன்று அடுத்த வாரம் கொட்டப்போகிறது பனி என்று சொல்லும், ஐரோப்பாவின் கம்ப்யூட்டர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லும், மறுநாள் இரண்டும் கட்சி மாறிக்கொள்ளும். எதை நம்புவது? கடலை எண்ணெயைக் கட்டைவிரலில் தொட்டு எந்தக் காட்டுக் கடலை என்று சொன்ன வெள்ளைச்சாமிக்கே தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனதுதான் அவருடைய முதுமையின் பெரிய துக்கம். அவர் அன்று காலை வந்து, உறைந்த மாவில் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடி நின்றார். பிறகு, "மினியாபோலிஸ்" என்றார்.

எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. தனுஷ்கோடியின் ஒரே மகள் சுபா கட்டிக்கொடுத்துப் போன ஊர் அதுதான், அமெரிக்காவில் வேறு ஊர்ப் பெயர் அந்தத் தெருவுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அன்றைக்கே தெரு கேஸ் வாங்கியது. நாலாம் நாள் மினியாபோலிஸில் காலம் தப்பிய குளிர் இறங்கிவிட்டதாக டிவி சொன்னது, கேஸ் ஏறியது, தனுஷ்கோடி ஒரு கூடை ஆப்பிள் வாங்கி வந்தார்.

அதன் பிறகு அந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது நின்றுபோய், மாவு எப்படி என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு மாவு பார்க்கும் நேரம். வெள்ளைச்சாமி குளித்து, திருநீறு பூசி, கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வருவார், குண்டானின் வெளிப்புறம் மஞ்சளால் கோடு போட்டு மட்டம் குறிப்பார், மாவு கோட்டுக்குக் கீழே நின்றால் தெரு வாங்கும், மேலே ஏறினால் தெரு விற்கும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்குத் தாய்மார் குரங்குக் குல்லா மாட்டி அனுப்பினார்கள். சளி பிடித்த ஒருத்திக்கு அந்த மாவிலிருந்துதான் தொற்றியது என்று பேச்சு வந்து, அதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. குண்டானில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது, பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது, அதிலிருந்து ஒரு கரண்டி மாவுகூட விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பார்த்து முடித்த மாவைக் கொட்ட மனம் வராமல், ஆனால் இட்லி ஊற்றவும் அனுமதியில்லாமல், பாக்கியம் தினமும் அதை முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.

ஏன் அந்த ஒரு குண்டானில் மட்டும் என்று தெரு ஆராயாமல் இல்லை. அரிசியாக இருக்கும் என்று அதே கடையில் அதே அரிசி வாங்கினார்கள். உளுந்து, தண்ணீர், கல், நேரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். பாக்கியத்தின் கைராசி என்று முடிவுகட்டி, அவளை வீடு வீடாக அழைத்துப்போய் மாவு கரைக்கச் சொன்னார்கள், எல்லா வீட்டிலும் மாவு ஒழுங்காகப் புளித்துத் தொலைத்தது. குண்டானின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பேரை மட்டும் ஒருவரும் படிக்கவில்லை. எந்த வீட்டுப் பாத்திரத்தில்தான் பேர் இல்லை?

த. ஜெயசுபா. சீர் வரிசைக்கு வாங்கி, பஜாரில் பேர் வெட்டுகிறவனிடம் சுபாவே நின்று வெட்டி வாங்கிய குண்டான். விமானத்தில் எடை கூடிப்போய், அதை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். மூன்று வருஷம் பரணில் கிடந்ததை, பழைய குண்டான் ஒன்று ஓட்டை விழுந்தபோது பாக்கியம்தான் இறக்கினாள்.

அந்தப் பேர் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள். அன்று மாவு எப்போதும் இல்லாதபடி இறுகி, குண்டானின் வெளிப்பக்கம்கூட வேர்த்து, கரண்டியால் தட்டினால் கல்லின் சத்தம் வந்தது. தெரு குதூகலித்து வாங்கியது. ஆனால் நாலாம் நாள் அந்த ஊரில் நல்ல வெயில், பூங்காவில் நாய்களோடு ஜனங்கள் நடந்து போவதை டிவியில் காட்டினான். எங்கேயோ குழாய் உடைந்ததென்று கேஸ் எப்படியோ ஏறிவிட்டதால், மாவு சொன்னது சரிதான் என்று தெரு கணக்கு எழுதிக்கொண்டது. பாக்கியம் மட்டும் அந்த நாலாம் நாள் சுபாவுக்குப் போன் போட்டாள். நல்லாருக்கேம்மா என்றாள் மகள், குரல் நல்லாயில்லை. பின்னால் ஒரு கதவு அறையப்பட்டது. "காத்தா?" என்று கேட்டாள் பாக்கியம். "ஆமாம்மா, காத்து" என்றாள் சுபா.

அதிலிருந்து பாக்கியத்துக்கு எதுவுமே தெளிவாக இல்லை. மாவு சொல்வது ஊரின் குளிரா, வீட்டின் குளிரா? இரண்டும் ஒரே நாளில் வந்தால் எது எதென்று எப்படிப் பிரிப்பது? அவள் காலை ஆறு மணிக்குத் தெரு ஆண்களோடு சேர்ந்து குனிந்து பார்த்தாள், அவர்கள் உறைந்திருக்கிறதே என்று சிரித்தபோது மகளுக்குப் போன் போட உள்ளே போனாள், உறையவில்லையே என்று அவர்கள் முகம் தொங்கியபோது அன்றைக்கு அவள் நிம்மதியாக ரெண்டு வாய் சாப்பிட்டாள். புருஷனிடம் சொல்லலாம். ஆனால் அவரைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவருடைய தங்கச்சி மகள் செல்வக்கனி ஒரு தடவை கன்னத்தில் விரல் தடத்தோடு இந்த வீட்டுக்கு வந்து நின்றாள். இவர் காபி வாங்கிக் கொடுத்து, புத்தி சொல்லி, அன்றைக்கே பஸ் ஏற்றிக் கோவில்பட்டியில் புருஷன் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நல்ல மனுஷர்தான். நல்லது செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வந்தார், அதுதான் பயம்.

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை மூடியைத் திறந்தபோது, குண்டானில் மாவு பொங்கியிருந்தது. பொங்கல் என்றால் அப்படியொரு பொங்கல். மஞ்சள் கோட்டைத் தாண்டி, வாயைத் தாண்டி, மூடியை ஒரு ஜாண் உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு, புளித்த வாசனை தெருமுனை வரைக்கும் போயிருந்தது. தெரு வந்து பார்த்துத் திகைத்தது. ஏனென்றால் அந்த வாரம் அமெரிக்கக் கம்ப்யூட்டரும் ஐரோப்பியக் கம்ப்யூட்டரும் முதல்முறையாகச் சண்டை போடாமல், வடக்கே வரலாறு காணாத குளிர் வருகிறது என்று ஒரே குரலில் சொல்லியிருந்தன. அதை நம்பித் தெருவே கழுத்துவரை கேஸ் வாங்கி வைத்திருந்தது. தனுஷ்கோடி, அவர் அப்பாவின் செக்கு இருந்த இடத்தை விற்று அதில் போட்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு பாக்கிறதா, மாவு சொல்லுதுன்னு பாக்கிறதா?" என்றார் ஒருவர்.

"கம்ப்யூட்டர் என்னைக்காவது உன் கைக்குச் சில்லுன்னு இருந்திருக்கா?" என்றார் வெள்ளைச்சாமி. அவர் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "வெதுவெதுங்குதே. குளிரு வராது. நாளைக்குக் காலையிலயும் இப்படியே இருந்துச்சுன்னா, சந்தை தொறந்ததும் இருக்கிறத வித்துருவோம். அது மட்டுமில்ல, இல்லாததையும் சேத்து விப்போம். விலை விழுந்தப்புறம் வாங்கிக் குடுத்துக்கிடலாம்."

"ஏறிருச்சுன்னா அண்ணாச்சி?"

"ஏறுனா தெருவோட போவோம்" என்று சிரித்தார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். தனுஷ்கோடியும்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, அங்கே விடியாத நேரத்தில், சுபா கூப்பிட்டாள். காருக்குள் உட்கார்ந்து பேசுவதாகச் சொன்னாள், மூச்சு வாங்கியது.

"அம்மா, பக்கத்துல அப்பா இருக்காரா?"

"இல்ல. சொல்லு."

"வியாழக்கிழமை நான் கெளம்புறேம்மா. இந்த வீட்ட விட்டு. என்கூட காலேஜ்ல படிச்சாள்ல ஷீபா, அவ பீனிக்ஸ்ல இருக்கா, அங்க போறேன். நேத்தே டிக்கெட் எடுத்துட்டேன். வேலைய அங்க மாத்திக் கேட்டிருக்கேன். அப்பாட்ட சொல்லிறாதம்மா. அவரு உடனே மாப்பிள்ளைக்குப் போன் போடுவாரு, இவரு டிக்கெட்டக் கிழிச்சிருவாரு."

"அடிக்கானா?" என்று கேட்டாள் பாக்கியம்.

சுபா காரின் கதவைப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஹீட்டர அணைச்சுட்டு ரூமைப் பூட்டிருவாரும்மா" என்றாள்.

பாக்கியத்துக்குக் கை மரத்தது, கார்த்திகை மூன்றாம் நாள் விரல் மரத்த மாதிரியே. இரண்டு மாதம், அறுபது நாள், காலை ஆறு மணிக்கு அவளும் தெருவும் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து வாங்கியதும் விற்றதும் எதை? அவள் ஓங்கி அழுதுவிடாமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அந்த பீனிக்ஸுல குளிருமா தாயி?" என்று மட்டும் கேட்டாள்.

"அது பாலைவனம்மா. நம்ம ஊரு மாதிரி வெயிலு."

போனை வைத்த பிறகு அவள் குண்டான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இனிமேல் இந்த மாவு மினியாபோலிஸைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது, மகள் டிக்கெட் எடுத்தபோதே அது ஊரை மாற்றிக்கொண்டுவிட்டது. வடக்கே குளிர் வருமா வராதா என்று அவளுக்குத் தெரியாது, தெரு எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று இருக்கவும் முடியவில்லை. சொன்னால் மகள் மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் நாளைக் காலை ஒரு தெருவே, பாலைவனத்து வெயிலைப் பார்த்துவிட்டுப் பனிப்பிரதேசத்துக் கேஸை விற்கப்போகிறது. குண்டானைக் கவிழ்த்துவிடலாமா என்று பார்த்தாள். கவிழ்த்தால், பொங்கியதால்தானே கவிழ்ந்தது என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து விற்பார்கள், அவளுக்கு அவர்களைத் தெரியும். மற்ற ஏழு குண்டானுக்கும் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது, அவள் எழுந்து கிரைண்டரைப் போட்டாள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மாவு முந்தின நாளைவிட அதிகமாகப் பொங்கியிருந்தது. வெள்ளைச்சாமி கட்டைவிரலை நீட்டினார்.

"அண்ணாச்சி, தொடாதீங்க" என்றாள் பாக்கியம். "அதுல ஆப்பசோடா போட்டிருக்கு."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. கடைக்கு மேலே, தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி, சிவப்பு எழுத்தில் 'சோடா கலப்பதில்லை' என்று பலகை தொங்கியது. இருபத்திரண்டு வருஷமாகத் தொங்கியது. ஒரு தடவை ஒரு ஓட்டல்காரன் கொஞ்சம் சோடா போட்டுக் கொடுங்கக்கா என்று கேட்டதற்கு, அவன் கொண்டுவந்த தூக்கைத் தெருவில் உருட்டிவிட்டவள் அவள்.

"என்ன தங்கச்சி சொல்லுத?"

"சோடா போட்டேன் அண்ணாச்சி. சனிக்கிழமையும் போட்டேன், நேத்தும் போட்டேன். தினம் தினம் உறைஞ்சு உறைஞ்சு உளுந்து வீணாப்போகுதேன்னு வயித்தெரிச்சல்ல போட்டுட்டேன். மாவு ஒண்ணும் சொல்லல. சோடாதான் பொங்குது."

தெரு அவளையும் குண்டானையும் மாறி மாறிப் பார்த்தது. கூட்டத்தில் ஒரு பெண், "அப்ப மத்த குண்டான்லயும்?" என்று கேட்டாள். ஒன்றில் மட்டும் என்றால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டுக் கேட்டு எங்கே போய் நிற்பார்கள் என்று தெரியாது.

"எப்பவாவது" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் இருபத்திரண்டு வருஷம் போனது. வெள்ளைச்சாமி கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி பக்கத்துப் பெண்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, வாங்கிய தூக்குவாளி மாவை அப்படியே சாக்கடையில் ஊற்றினாள். தனுஷ்கோடி எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார். அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தெரு அன்று விற்கவில்லை. வியாழக்கிழமை வடக்கே குளிர் இறங்கியது, ஆறுகள் உறைந்தன, கேஸ் விலை ஏறியது, ஏறியதற்கு மேல் ஏறியது, தெருவில் வெடி போட்டார்கள். போட்ட வெடியில் ஒன்று மாவுக் கடை வாசலில் வந்து விழுந்தது, வேண்டுமென்று விழவில்லை. நாலு நாளாக அந்தக் கடையில் ஒரு கரண்டி மாவு விற்கவில்லை. தெரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பாக்கெட் மாவு வாங்கிச் சாப்பிட்டது. பாக்கியம் பலகையைக் கழற்றி, எழுத்து உள்பக்கம் பார்க்கச் சுவரில் சாத்தி வைத்தாள். பத்து வயசு கூடின மாதிரி இருந்தது அவளுக்கு. இவர்கள் பிழைத்தது தன்னாலா, கம்ப்யூட்டராலா, அந்த வீட்டில் ஹீட்டரை அணைத்தவனாலா என்று யோசிப்பாள், பாதியில் விட்டுவிடுவாள். வெள்ளிக்கிழமை, வந்து சேர்ந்துட்டேன்மா என்று ஒரு வரி சுபாவிடமிருந்து வந்தது. அதைப் படித்துவிட்டு அழித்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தனுஷ்கோடி அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்து, "அந்தக் குண்டான்லருந்து நாலு இட்லி ஊத்து" என்றார்.

"அதுலயா?"

"அதுலதான்."

அவள் ஊற்றினாள். இரண்டு மாதத்தில் அந்தக் குண்டான் மாவு முதல்முதலாக இட்லித்தட்டைப் பார்த்தது. வெந்த இட்லி நான்கையும் அவர் தட்டில் வைத்து, சட்னி ஊற்றப் போனாள், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வெறும் இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். வெள்ளைச்சாமிக்குக் கட்டைவிரல் என்றால், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கையால் சாப்பிட்ட இவருக்கு நாக்கு.

"இதுல சோடா இல்ல" என்றார்.

பாக்கியம் சட்னிக் கரண்டியோடு நின்றாள்.

அவர் குண்டானை ஒரு கையால் திருப்பினார். கழுத்தில் வெட்டியிருந்த பேரை, புள்ளி புள்ளியாக, விரலால் தடவிப் படித்தார். "புள்ள எங்க இருக்கா?"

மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. "பீனிக்ஸுன்னு ஒரு ஊரு. ஷீபா வீட்டுல. ஹீட்டர அணைச்சுட்டு அறையில போட்டுப் பூட்டுவானாம்ங்க. அங்க ஆறு உறையுற குளிருல, நம்ம புள்ளைய."

அவர் எச்சில் கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மாப்பிள்ளை நம்பரைத் தேடுகிறார் என்று பாக்கியம் நினைத்தாள், கோவில்பட்டி பஸ் அவள் கண்முன்னால் வந்து நின்றது, போனைப் பிடுங்க ஓர் அடி முன்னால் வைத்தாள். அவர் திரையில் மினியாபோலிஸ் என்று இருந்ததை, மூன்று வருஷமாகத் தினமும் நாலு தடவை கேஸுக்காகப் பார்த்த அந்த ஊரை, மைனஸ் இருபத்தேழு என்று காட்டிக்கொண்டிருந்த ஊரை, விரலால் தள்ளி அழித்தார்.

"அந்த ஊருக்கு எப்படி எழுத்து?" என்றார்.

அவளுக்குத் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தப்புத் தப்பாக அடித்து, நாலாவது தடவையில் ஊர் வந்தது. ஒரு மஞ்சள் சூரியன், பக்கத்தில் இருபது.

"இருபது டிகிரி" என்றார் தனுஷ்கோடி. "இங்க இப்ப என்ன, அதேதான்." அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "செல்வக்கனியை நான் கொண்டுபோய் விட்டிருக்கக் கூடாது" என்றார்.

பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதாள். அவர் எழுந்து போய், சுவரோரம் சாத்தியிருந்த பலகையைத் தூக்கி, வேட்டி முனையால் தூசி துடைத்து, ஏணி கொண்டுவரச் சொல்ல ஆளில்லாமல் தானே நாற்காலி போட்டு ஏறி, பழைய ஆணியில் மாட்டினார். எதிர்வீட்டிலிருந்து வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில், "மாவு எப்படி?" என்று கேட்டுவிட்டார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி" என்றார் தனுஷ்கோடி நாற்காலி மேல் நின்றபடி. "ஆனா இனிமே உங்க கட்டைவிரலுக்கு இல்ல."